தாயைக் காட்டுங்கள்

எலும்பைப் படமெடுப்பது என் வேலை.
பதினாறு வருடம், பாதிக்கு மேல் நைட் ஷிப்ட்.
மூச்சை இழுங்க, பிடிச்சுக்குங்க, விடுங்க
என்று நூறு பேரிடம் சொல்லி முடித்து
சத்துவாச்சாரிக்குத் திரும்பினால்
வீட்டில் இழுத்து விட இருப்பது
என் மூச்சு ஒன்றுதான்.

ஆகவே நாய்.
சின்னதாக.
இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது,
"கன்னுக்குட்டி சைஸெல்லாம் ஆகாதும்மா"
என்றுவிட்டார் வீட்டுக்காரர் துரைக்கண்ணு.
ஆனால் அது தாண்ட வேண்டும், வளைய வேண்டும்,
டயருக்குள் புகுந்து வர வேண்டும்.
பெங்களூரில் ஒரு மைதானத்தில் பார்த்தேன்,
முழங்கால் உயரம்கூட இல்லாத ஒன்று
கம்புகளுக்கிடையே தையல் போட்டபடி ஓடியது.
கூடவே ஓடிய பெண்மணி
வாயே திறக்கவில்லை. தோளால் பேசினாள்.
அன்று பிடித்தது இந்தப் பைத்தியம்.

முதலில் மேல்விஷாரத்தில் ஒரு பக்.
தட்டை மூக்கு, உருண்டைக் கண்,
கேட்காமலே மடியேறிவிட்டது.
சோபாவிலிருந்து வாசல் வரை வந்ததற்கே
அந்த மே மாதத்து வெயிலில்
அதன் நெஞ்சு கரகரவென்று இரைந்தது.
"குறட்டைதான் மேடம் இதுக்கு அழகு."
அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம்.
ஆக்ஸிஜன் குழாயோடு
ஸ்ட்ரெச்சரில் தள்ளி வருவார்கள்.

காட்பாடி காந்தி நகரில் ஒரு டாஷ்ஹண்ட்.
ரயில் பெட்டி நீளம், செங்கல் உயரம்.
மனசு போய்விட்டது, மறைப்பானேன்.
ஆனால் அந்த முதுகைப் பார்த்ததும்
எனக்குள் லைட் பாக்ஸ் தானாக எரிந்தது:
இரண்டு கண்ணிகளுக்கு நடுவே
குறுகிப்போன இடைவெளி.

ஆற்காட்டில் கைக்குட்டையில் மடிக்கிற அளவு ஒன்று.
பின்னங்காலைத் தொட்டேன்.
முட்டிச்சில்லு நழுவி வெளியே போய்
பள்ளிக்கு மட்டம் போட்ட பையன் மாதிரி
சத்தமில்லாமல் இடத்துக்கு வந்து உட்கார்ந்தது.

எல்லோரிடமும் கேட்டேன், தாயைக் காட்டுங்கள்.
தாய் ஓசூரில் இருக்குது மேடம்.
தாய் எதுக்கு, அப்பன் சாம்பியன்,
இந்தா போட்டோ.

வாலாஜா ரோடு ரயில்வே குவார்ட்டர்ஸில்
டிராக்மேன் முனிரத்தினம் வீட்டில்
கேட்க வேண்டியிருக்கவில்லை.
சாய்த்து வைத்த சைக்கிளின் பாரை ஒரே தாவு தாவி
அதுவாகவே வந்தது தாய்.
ஐந்து வயசு வெள்ளை ஸ்பிட்ஸ்,
ஊரே பாமரேனியன் என்று கூப்பிடும் ஜாதி.
என் செருப்பை மோந்தது, முகத்தைப் பார்த்தது,
குட்டிகளிடம் திரும்பிப் போனது.
சரி என்று சொன்னதாக எடுத்துக்கொண்டேன்.
நீள மூக்கு. மூச்சு வருவதே தெரியவில்லை.
ஒவ்வொரு காலாக நான் நீட்டி மடக்க
முனிரத்தினம் சம்சாரம் அமுலு கேட்டாள்,
"டாக்டருங்களா நீங்க?"
"இல்லீங்க. போட்டோ புடிக்கிறவ."

நாலு குட்டியில் என்னோடு வந்தது
முதலில் ஓடிவந்ததல்ல,
கட்டிலடியில் ஒளிந்ததுமல்ல.
சாவிக்கொத்தை வேண்டுமென்றே கீழே போட்டேன்,
அப்போது திடுக்கிட்டுத் தள்ளிப்போய்
பிறகு யோசித்து, திரும்பி வந்து
சாவியை மோந்து பார்த்தவள்.
மொச்சை என்று பெயர்.

இப்போது விடிகாலை ஐந்து மணி, பாலாற்று மணல்.
பிளம்பர் கடையில் வாங்கிய ஆறு பைப்,
இரண்டு பக்கமும் அறுத்த நீல டிரம்,
பழைய ஆட்டோ டயர்.
வாக்கிங் வருகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள்,
சர்க்கஸ் எப்போ என்கிறார் ஒருவர்.
மொச்சைக்கு ஏழு மாசம்.
எலும்பு நுனியில் வளர்கிற தகடு
இன்னும் மூடியிருக்காது,
படம் எடுக்காமலே சொல்வேன்.
அதனால் குதிக்க விடுவதில்லை.
தாண்டுகிற பைப்பை
மணலிலேயே படுக்க வைத்திருக்கிறேன்.

அவள் அதைக் கடக்கிறாள்,
நாலெட்டு போய் நிற்கிறாள்,
திரும்பிப் பார்க்கிறாள்.

போன நவம்பரில் எடுத்த
என் இடது முழங்கால் படம்
மேஜை இழுப்பறையில் கிடக்கிறது,
யாருக்கும் காட்டவில்லை.

இன்னும் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறாள்.
புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு
நானும் தாண்டுகிறேன்.