நாலாவது பக்கம்

முதல் முறை வென்றது நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டில்.
அந்த எண்ணையே தன் அம்பாசடருக்குக் கேட்டுப் பார்த்தார்
பெரி. வெள்ளைக்கண்ணு.
421தான் கிடைத்தது.
“ஒம்போது பேர் அப்புறமா மனசு மாறிட்டாகன்னு வச்சுக்க” என்றார்.

நான் அவருடைய உதவியாளன்.
பத்து வருஷம்,
அவர் கையெழுத்துக்கு மேலே இருந்ததெல்லாம்
என் கையெழுத்து.
கல்லலிலிருந்து மாற்றல் கேட்ட சத்துணவு அமைப்பாளர்,
புதுவயல் ஆலையில் இரண்டு விரல் போனவர்,
கோழி களவுபோன வழக்கு.
அதற்கும் லெட்டர்பேடு,
அதற்கும் ‘ஆவன செய்யுமாறு’.

பங்குனி வெயிலில் ஓட்டுக் கேட்டுப் போனால்
தெருவுக்கு இரண்டு பக்கமும் கோட்டை கோட்டையாக வீடுகள்.
பர்மாத் தேக்குக் கதவைத் தட்டிவிட்டு
ஒரு பீடி முடியும்வரை நிற்க வேண்டும்,
கடைசிக் கட்டிலிருந்து காவல்காரர் வந்து சேர.
நாற்பது அறைக்கு ஓட்டு இரண்டு,
அவரும் அவர் சம்சாரமும்.
அதற்கும் குனிந்தே கும்பிட்டார்.
அடுத்த சந்தில் ஓட்டு வீடு என்றால்
நிஜமாகவே ஓட்டு வீடுதான்:
ஒரே அறை, ஒன்பது ஓட்டு.

சென்னையில் ஐந்து வருஷம் ஒரே கேள்வி.
ரயில்வே கேட்டுக்கு மேம்பாலம் கட்ட அரசு முன்வருமா?
நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்.
அந்தப் பதில் வந்த நாளில் எல்லாம்
விடுதிக் கேண்டீனில் எனக்கு ஒரு வடை கூடுதலாக வாங்கித் தருவார்.
ஏனென்று நான் கேட்டதில்லை.

இரண்டாம் முறை ஆளும் பக்கத்து வரிசை.
பொதுப்பணித் துறை மானியக் கோரிக்கை.
நான் அடித்துக் கொடுத்தது நாலு பக்கம்,
மூன்றில் நன்றி.
மூன்றையும் வாசித்தார்.
நாலாவதை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

“செம்பராயன் ஊருணிக்குத் தண்ணி வர்ற வரத்துக்கால்ல
மனை ஒண்ணுலேருந்து நாப்பத்தாறு வரைக்கும் போட்டிருக்காக.
போட்டவரு எனக்கு ரெண்டு வரிசை முன்னால உக்காந்திருக்காரு.
அவுக வீட்லயும் தண்ணிதானே குடிக்கிறாக?”

மேலே மாடத்தில் என் செருப்பு நழுவியது.
மணி அடித்தது.
நீக்கப்படுகிறது, நீக்கப்படுகிறது என்று இரண்டு தரம்.
அச்சாகி வந்த புத்தகத்தில்
மூன்று பக்க நன்றி,
ஒரு வரிப் புள்ளி,
‘என்று கூறி அமர்கிறேன்.’

அன்று ராத்திரி ரயிலில்
தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்தபடி சொன்னார்:
“நாலாவது பக்கமும் நல்லாத்தான் அடிச்சிருந்தே.”

அடுத்த முறை சீட்டு இல்லை.
சுயேச்சை. சின்னம் தையல் மெஷின்.
பிரச்சார ஜீப்பை மறித்து ஒரு பெண்
ரவிக்கைத் துணி கொடுத்துச் சிரித்தாள்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு.
டெபாசிட் போச்சு.
ரவிக்கைத் துணி அம்பாசடரின் கண்ணாடி துடைக்க ஆனது.

மீந்த லெட்டர்பேடு மூன்று கட்டு.
ரப்பர் ஸ்டாம்ப் ஒன்று செய்தோம்: ‘முன்னாள்’.
பேருக்கு முன்னால் குத்த வேண்டும்.
இடம் போதாமல் கோபுரச் சின்னத்தின்மேல் சாய்ந்து விழும்.

போன ஐப்பசியில் மூன்று நாள் மழை.
நாப்பத்தாறு மனையும் வீடாகியிருந்தது,
பட்டா, மின் இணைப்பு, முற்றத்தில் கோலம் எல்லாம் சரியாக.
தண்ணீர் மட்டும் பழைய சர்வே எண்ணில் நடந்தது.
மனை பன்னிரண்டிலிருந்து போன்:
“எம்.எல்.ஏ. சார், கட்டில் மிதக்குது.”
நான் இப்போ எம்.எல்.ஏ. இல்லை என்று
அவர் சொல்வார் என்று பார்த்தேன்.
வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

திரும்பி வந்து, ஈரக் காலோடு,
“கலெக்டருக்கு ஒண்ணு அடி.”
அடித்தேன்.
நாலு வரியும் மனதில் இருந்தது,
வரிசைக் கணக்கைக்கூட விடவில்லை.

கண்ணாடியைத் துடைத்து வாசித்தார்.
மறுபடியும் வாசித்தார்.
“நல்லாருக்கே, இது யாரு சொன்னது?”

நான் ஸ்டாம்புப் பெட்டியைத் திறந்து
மை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.