கேமரா நம்பர் இரண்டு

அக்னி நட்சத்திரத்தின் மூன்றாம் நாள்
இரண்டாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய்க்கு
ஏர்கூலர் வந்தது.
ரிசப்ஷன் மேசையிலேயே பிரித்தேன்.
உள்ளே
விரிசல் விட்ட குழந்தைக் குளியல் தொட்டி,
எடைக்கு அரை டைல்ஸ்,
அதைச் சுற்றிப் போன மாதத்துத் தெலுங்குப் பேப்பர்.
தெலுங்கு எனக்குப் படிக்க வரும்.
வாரங்கல்லில் மழையாம்.

வேலூர் காந்தி ரோட்டுச் சந்தில்
பதினாறு ரூம் லாட்ஜ்.
ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள்தான் எங்களுக்கு ஆள்,
கல்கத்தா, கௌஹாத்தி, அகர்தலா.
பதினோரு வருஷமாக அவர்களிடமிருந்து ஒட்டிக்கொண்ட இந்தியில்தான்
கஸ்டமர் கேரோடு சண்டை போட்டேன்.
தமிழுக்கு ஏழை அழுத்தச் சொன்னார்கள்.
அழுத்தினால் பாட்டு.

பெட்டியைத் திறக்கும்போது வீடியோ எடுத்தீர்களா, டில்லிபாபு ஜி?
பெட்டி பிரிக்கிறதை எவன் வீடியோ எடுப்பான்?
அப்படியென்றால் பைசா நஹி மிலேகா.

இந்தியில் நான் பிழையில்லாமல் பேசும் வாக்கியம்
அது ஒன்றுதான்.
வங்காளத்திலும் தெரியும்: ஹோபே நா.
என் முதுகுக்குப் பின்னால் போர்டில்
நாலு பாஷையில் இருக்கிறது,
கட்டிய அட்வான்ஸ் திருப்பித் தரப்பட மாட்டாது.

ரூம் பையன் கோதண்டன்தான்
மேலே கை காட்டினான்.
அண்ணே, அது இன்னாத்துக்குக் கீது?

கேமரா நம்பர் இரண்டு.
கல்லாவில் பணம் குறைந்த வருஷம்
என்னைப் பார்க்க ஓனர் மாட்டியது.

உட்கார்ந்து பார்த்தோம்.
என் உச்சந்தலையை அன்றைக்குத்தான் பார்த்தேன்,
ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு வழுக்கை.
பிளேடு டேப்பில் இறங்குகிறது.
மூடி திறக்கிறது.
தொட்டியைத் தூக்கி
அடியில் கூலர் ஒளிந்திருக்கும் என்பதுபோல் குனிகிறேன்.
தேதி, மணி, ஒட்டிய சீட்டு, எல்லாம் தெளிவு.
துட்டு வந்துச்சுண்ணே என்றான்.

பதினொன்று நாற்பத்திரண்டில்
படத்துக்குள் ஓர் ஆள் வருகிறார்.
தோளில் ஜிப் போன பை, கையில் எக்ஸ்ரே கவர்.
ரூம் ஒன்பதின் சாவியை மேசையில் வைக்கிறார்.
ஏதோ கேட்கிறார். கேமராவுக்குக் காது கிடையாது.
நான் நிமிரவில்லை.
தொட்டியைப் பிடித்தபடி
தலையை மட்டும் ஆட்டுகிறேன்.
வழுக்கை இடது போய் வலது வருகிறது.
அவர் போர்டைப் பார்க்கிறார்.
எந்தப் பாஷையில் படித்தாரோ.
பையை மாற்றிப் போட்டுக்கொண்டு
படத்தை விட்டுப் போகிறார்.

வெட்டாமல் அனுப்பச் சொன்னார்கள்,
வெட்டினால் செல்லாதாம்.
நாலு நிமிஷத்தையும் அனுப்பினேன்.
நொய்டாவிலோ எங்கேயோ
யாரோ பார்த்திருப்பார்கள், தொட்டியை மட்டும்.

ஆறாவது வேலை நாளில் பணம் ஏறியது,
நாற்பத்தொன்பது ரூபாய் பிடித்துக்கொண்டு.
அதையும் விடவில்லை, ஏழை அழுத்தினேன்.
அதே பாட்டு.

ராத்திரி இரண்டு மணி இருக்கும்.
சுவர் சுட்டது.
ரிஜிஸ்டரை எடுத்தேன்.
ரூம் ஒன்பது, பிரபாத் பர்மன், கூச்பிஹார், ஆள் இரண்டு.
அட்வான்ஸ் எட்டு நாளுக்கு.
தங்கியது மூன்று.
நாளுக்கு நானூறு.
ஓனரிடம் கேட்டால் போர்டைக் காட்டுவார்.
ஐந்து நானூறு எவ்வளவு என்று
பேப்பரில் போட்டுப் பார்த்தேன்,
கணக்குத் தெரியாதவன் மாதிரி.

அவர் எழுதியிருந்த நம்பரை அடித்தேன்.
செல் சுற்றியது. சுற்றிவிட்டு
அந்தக் கணக்கின் பெயரைக் காட்டியது.
மினதி பர்மன்.
பெயர் சரிதானா என்றது.

ரிஜிஸ்டரில் கீழ் வரி,
நோயாளி என்ற கட்டத்தில், என் கையெழுத்து.
சரிதான்.

கட்டைவிரல் வேர்வையில்
முதல் தடவை எடுக்கவில்லை.
சட்டையில் துடைத்துவிட்டு
மறுபடி வைத்தேன்.