உள்ளே மூன்று

பண்ணைப் பாலத்தடியில் லாண்ட்மாஸ்டர் பிரண்டு
கைப்பிடி வயிற்றில் ஏறிய ஆள்.
பாசையூர். அருளப்பு. ஐம்பத்தாறு.
இரவு பதினொன்றே காலுக்குத் திறந்தோம்.

ஈரலின் கிழிசலில் துணிமடிப்புகளை அடைத்தேன்,
ஒன்று, இரண்டு, மூன்று.
கறுத்த குடலில் ஒரு முழத்தை வெட்டி
இரு முனையையும் கட்டி, பொருத்தாமல் விட்டேன்.
நேரமில்லை. உடம்பு முப்பத்துநாலு பாகைக்குக் குளிர்ந்து
இரத்தம் உறைய மறந்துகொண்டிருந்தது.

மூடப் பார்த்தால், மூட இடமில்லை.
புளித்த மாப்போல் பொங்கி
குடல் விளிம்பு தாண்டி நிற்கிறது.
இழுத்துத் தைக்கலாம்.
தைத்தால் சிறுநீர் நிற்கும், நெஞ்சு நெரியும்,
விடியமுன்னம் ஆள் இராது.

எட்டு வருடம் தைக்கப் படித்த கை.
அதைக் கொஞ்ச நேரம் சும்மா பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சிஸ்டர், மூன்று லீற்றர் சேலைன் பை ஒன்று."
பத்மலோஜினி சிஸ்டர் ஏனென்று கேட்கவில்லை.
ஓரங்களை வெட்டி, விரித்து,
வழுவழுப்பான பக்கம் குடலைப் பார்க்க வைத்து
தோலோடு மட்டும் சுற்றித் தைத்தேன், நைலோன் நூலால்.
கீழேயிருக்கும் வெள்ளை உறையில் ஊசி படக் கூடாது.
அது வேறொரு நாளுக்குரியது.

பையில் அச்சடித்த காலாவதித் திகதி
ஈரலுக்கு மேலே தலைகீழாய்க் கிடந்தது:
அடுத்த பங்குனி.
மயக்க டொக்டர் கழுத்தைத் திருப்பி வாசித்துவிட்டு
"அப்ப நேரமிருக்கு" என்றார்.
ஒருவரும் சிரிக்கவில்லை. கை கழுவும்போது சிரித்தோம்.

சிஸ்டர் பிளாஸ்டர் ஒன்றைக் கிழித்து
நீல மையால் எழுதி அவர் நெஞ்சில் ஒட்டினா:
உள்ளே 3.

வெளியில் திரேசம்மா. ஒரு காலில் மட்டும் செருப்பு.
"தைச்சு முடிச்சிட்டியளோ?"
"இல்லையம்மா. திறந்துதான் கிடக்கு."
"எப்ப தைப்பியள்?"
"நாளையிண்டைக்குத் திரும்பப் பாப்பம்."
கொஞ்ச நேரம் பேசாமல் நின்றா.
"வீடும் திறந்துதான் கிடக்கு" என்றா,
"பூட்டாமல் ஓடி வந்திட்டன்."

இரண்டாம் தடவை துணிகளை எடுத்தோம். ஈரல் கசியவில்லை.
குடலைப் பொருத்தினேன்.
சிஸ்டர் மூன்றை வெட்டிப் பூச்சியம் எழுதினா.
பையை நடுவில் மடித்து இரண்டு விரல் ஒடுக்கினேன்,
சட்டைக்குப் பிடித்துத் தைப்பதுபோல.
இரண்டு நாள் கழித்து இன்னும் இரண்டு விரல்.
சுவர் சக்ஷன் நிற்கிற இரவுகளில்
காலால் மிதிக்கிற பம்பை மாறி மாறி மிதித்தார்கள்.

தொண்டைக் குழாய் எடுத்த அன்று
மூடியிருந்த துணியை அவரே விலக்கிப் பார்த்தார்.
மிஸி தடுக்க ஓடி வந்தா. விடச் சொன்னேன்.
"உது என்ரதோ?"
"ஓம்."
முப்பது வருடம் சந்தையில் மீன் வெட்டியவர்.
தலையணையில் முழங்கையை ஊன்றி
நெடுநேரம் பார்த்தார், வாங்க வந்தவரைப்போல.
"மினுங்குது. நிறம் மாறேல்லை.
பழுதில்லாத சாமான்."
டிக்கெட்டில் அன்று காலை நான் எழுதியதும் அதுதான்,
கொஞ்சம் நீளமாய்.

ஒன்பதாம் நாள் வெள்ளை உறை வெள்ளை உறையைத் தொட்டது.
மேலே இரண்டு விரல் அகலம் மட்டும் வரவில்லை.
வற்புறுத்தவில்லை. தோலை மட்டும் மூடினேன்.
இருமினால் அதில் தேசிக்காய் அளவு துருத்தும்.
ஒரு வருடம் கையால் பொத்திக்கொண்டு இருமட்டும்,
பிறகு பார்ப்போம்.

மறுநாள் வாட்டில்
நெஞ்சில் காய்ந்து கிடந்த பிளாஸ்டரை
சிஸ்டர் ஒரே இழுவையில் எடுத்தா.
நாலைந்து நரைமயிரும் கூடவே வந்தது.

அதற்குத்தான், இத்தனைக்கும் பிறகு,
அருளப்பு "ஐயோ" என்று கத்தினார்.