இரண்டாம் பாதி

பெட்டி லிப்டுக்குள் நுழையவில்லை.
நிமிர்த்திப் பார்த்தார்கள், மூலைவாட்டில் சாய்த்துப் பார்த்தார்கள்.
என் மகன் சந்த்ரோ டேப் கொண்டுவந்து அளந்தான்.
ஒரு சாண் அதிகம்.
நாற்பத்தோரு வருஷம்
கில்தானிக் குடியிருப்பின் லிப்டுகளையெல்லாம்
ஏற்றி இறக்கிய மனுஷனை
ஒன்பது மாடியும் படிவழியே இறக்கினோம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அம்மா முறைத்தாள்.
அப்பா இருந்திருந்தால்
முதல் ஆளாகச் சிரித்திருப்பார்.

வழக்கமாக ஆறு பேர் தூக்குவார்கள்.
படித் திருப்பத்தில் ஆறு பேர் கொள்ளாது
என்பதால் நாலு பேர்.
எட்டாம் மாடியில் லாமாரா
கதவைத் திறந்துவைத்துக்கொண்டு
இரவு உடையிலேயே நின்றாள்.
ஏழாம் மாடிக்காரர்கள் ஜெர்மனி போய்ப் பத்து வருஷம்.
ஆறில் இளைப்பாறினார்கள்.
பெட்டியை எங்கே இறக்கிவைப்பது என்று தெரியாமல்
யாருடைய சைக்கிள் மேலோ சாய்த்தார்கள்.
மணி ஒரு தடவை அடித்தது.

தொண்ணூற்று மூன்றின் குளிர்காலம்.
மின்சாரம் நாளுக்கு இரண்டு மணி நேரம்,
அதுவும் எப்போது என்று கடவுளுக்கே தெரியாது.
அப்பா ஷூவோடு தூங்குவார்.
யாரோ மாட்டிக்கொள்வார்கள் தினமும்:
ரொட்டி வரிசையில் நின்று திரும்பியவர்கள்,
மண்ணெண்ணெய் கேனோடு ஒரு கிழவர்,
காதலர்கள்.
மொட்டைமாடி இயந்திர அறைக்கு ஏறி
கையாலேயே சக்கரத்தைச் சுற்றுவார்.
ஒரு மாடிக்கு இருபது நிமிஷம்.
உள்ளே இருப்பவர்கள் பயப்படக் கூடாதென்று
இருட்டுக் குழிக்குள் குனிந்து கத்துவார்,
கால்பந்து வர்ணனை.

நடக்காத ஆட்டம்.
ஆட்டக்காரர்கள் எல்லாரும் எங்கள் பிளாக்காரர்கள்.
கோல் காப்பது பல் டாக்டர் உஷாங்கி,
இடதுபுறம் பாய்வது லாமாராவின் புருஷன்,
அவருக்கோ ஒரு கால் கட்டை.
இடைவேளை வரும், மழை வரும், சண்டை வரும்.
முடிவு மட்டும் வராது.
அதற்குள் கதவு திறந்துவிடும்.

கை நிறைய கிரீஸ்.
என் பள்ளி நிறைவு விழாவுக்கு
எல்லாரும் எழுந்து போகும்போது வந்தார்.
வெள்ளை உடையில் இருந்த என்னைத் தொடாமல்
முழங்கையால் இடித்தார்.
அன்று அழுதேன்.
இன்றைக்கும் அதை மன்னித்தேனா
என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை.
ஆனால் அந்த முழங்கை,
அது இருக்கிறது, இங்கே, தோளுக்குக் கீழே.

பேத்தி பிறந்ததும் ஆளே மாறிப்போனார்.
வாசலில் ஒரு ஊறுகாய் பாட்டில்,
அது நிறைய பத்து தெத்ரிக் காசுகள்.
லிப்டுக்குள் காசு போட்டால்தான் நகரும் எங்கள் ஊரில்.
பகல் முழுக்க அந்தக் குழியிலேயே கிடந்தவர்
சாயங்காலம் லிலேயின் கைபிடித்து
மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை,
எங்கேயும் போகாமல்
சும்மா போய் வருவார்.
காசை அவள்தான் போட வேண்டும்.
"கஞ்சன் மெஷின்" என்று அதைத் திட்டுவதும் அவள்தான்.

சாப்பாட்டின்போது மேசையெல்லாம் சத்தம்.
அவருக்காகக் கோப்பையை உயர்த்தியவர்கள்
பாதியிலேயே சண்டைக்குப் போனார்கள்.
மூன்றுக்கு இரண்டு என்றார் உஷாங்கி.
சமன் என்றாள் லாமாரா, நான் உள்ளே இருந்தேன்,
எனக்குத் தெரியாதா?
யாருக்கும் தெரியாது.
அம்மா அன்றுதான் முதல்முறை சிரித்தாள்.

இரவு பாத்திரங்களைக் கீழ்வீட்டில் கொடுத்துவிட்டுத்
திரும்பும்போது காசு போட்டேன்.
நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே
லிப்ட் நின்றது. விளக்கும் போனது.
தொலைபேசி மேலே, அம்மா அறையில்.
பயமில்லை. உண்மையாகவே இல்லை.
கொஞ்ச நேரம் நின்றேன்,
அண்ணாந்து,
பிறகு இருட்டுக்குக் கத்தினேன்:
அப்பா,
கட்டைக்கால் இப்போது பந்தோடு
எந்தப் பக்கம் ஓடுகிறார்?