சந்தா நோட்டு

ஞாயிறு காலை ஏழே முக்கால்.
கோயில் வாசலில் மடக்கு மேசை,
நீல அட்டை நோட்டு, நான்.
சந்தா கட்டியவர், பாக்கி வைத்தவர்,
கடிதம் வாங்கிக்கொண்டு ஈரோட்டுக்குப் போனவர்,
வாங்காமலே ஏசி போட்ட சபைக்குப் போய்விட்டவர்.
திங்கள் முதல் சனிவரை
திருப்பூர் பனியன் கம்பெனியில் துணியைத் தடவி
ஓட்டை கண்ட இடத்தில்
சிவப்பு அம்பு ஒட்டுகிற விரல்தான்
இங்கே பெயர்களின் மேல் ஊர்கிறது.
அதற்கு வித்தியாசம் தெரிவதில்லை.

அனிமா திர்க்கி நாலாவது வாரமாக வருகிறாள்.
ஜார்க்கண்டுக்காரி. பாண்டியன் நகர் ஹாஸ்டல்.
வெளியே விடுவது இரண்டரை மணி நேரம்;
அதில் ஒன்றே முக்கால் எங்களுக்கு.
கடைசி பெஞ்சில் உட்கார்ந்து
நாங்கள் எழுந்தால் எழுவாள்.
பிரசங்கம் முழுக்க, புரிகிற முகத்தோடு
ஐயரையே பார்ப்பாள்.
புரிகிற நாங்கள் கடிகாரத்தைப் பார்ப்போம்.

அன்று திருவிருந்து. மேசைக்கு வந்து நின்றாள்.
என் இந்தி, லைனில் கற்றது:
எத்தனை பீஸ், சீக்கிரம், இது ரிஜெக்ட்.
இந்த மூன்றை வைத்துக்கொண்டு
திடப்படுத்தல் ஆயிற்றா,
முந்தைய சபையின் கடிதம் இருக்கிறதா
என்று ஒருத்தியிடம் எப்படிக் கேட்பது?
கேட்டேன். "லெட்டர்?"
போனைத் திருப்பிக் காட்டினாள்.
ஓட்டு வீடு போல ஒரு கோயில்,
சிவப்புக் கரை வெள்ளைச் சேலைகள் வரிசையாக,
நடுவில் கண் கூசி நிற்பவள் இவள்தான்.
கையெழுத்து இல்லை. சீல் இல்லை.
கையை அசைத்தேன்,
லைனில் பீஸைத் தள்ளிவைக்கிற அதே அசைவு.

விசுவாசப் பிரமாணம் சொன்னோம்.
கன்னியிடம் பிறந்தார்: வெறும் வயிற்றிலேயே விழுங்குவேன்.
மூன்றாம் நாள் எழுந்தார்: சந்தேகமே இல்லை.
ஒருவரே மூவர் என்பதை
ஐஸ், தண்ணீர், ஆவி என்று ஐயர் விளக்கி
மேலும் குழப்பினாலும் எனக்கு வழக்கில்லை.
பரிசுத்தவான்களின் ஐக்கியம் என்ற இடத்தில்
மீன்முள் மாதிரி என்னவோ நின்றது.
நாற்பது வருஷம் அதன் மேல்
வழுக்கிக்கொண்டே போயிருக்கிறேன்.
எங்கள் ஆமென் முடிந்து
இரண்டு மூச்சு கழித்து
பின்னாலிருந்து ஒன்று தனியாக வந்தது.
ஐயர் அதற்காகக் காத்திருந்தார்.

பிறகு வரிசை வரிசையாக எழுப்பி விட்டேன்.
கடைசி பெஞ்சுக்கு முன்னால் நின்றுகொண்டேன்.

கமிட்டியில் பேசினேன்.
கல்லறை நில வழக்கு, திருமண்டலத் தேர்தல்,
ஜெனரேட்டர் டீசல், அப்புறம்தான் இது.
பொருளாளர் அருமைநாதன் நல்ல மனுஷன்,
என் மகள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது
மூன்று ராத்திரி வராந்தாவில் படுத்தவர்.
"ஏனுங்க, இன்னைக்கு ஒண்ணுன்னு உட்டம்னா
நாளைக்குக் கம்பெனி பஸ்ஸே வந்து நிக்குமுங்க.
அவங்களும் ஓட்டுக் கேப்பாங்க."
வந்து நிற்கட்டுமே என்று நினைத்தேன்.
"பாக்கலாமுங்க" என்று சொன்னேன்.
மினிட்ஸில் அப்படியே ஏறியது.

அன்றிரவு தூக்கம் வரவில்லை.
சாயப்பட்டறை வாடை ஜன்னல் வழியே.
அந்த வாசலிலும் ஒரு மேசை போட்டிருந்தால்?
சிவப்புக் கரைச் சேலையில் ஒருத்தி
நோட்டோடு உட்கார்ந்திருந்தால்?
என் கையில் நாற்பது வருஷ ரசீது,
ஒரு மாதம்கூட பாக்கியில்லை.
அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை.
அதற்கடுத்த ஞாயிறும்.
ஐயரிடம் மட்டும் சொல்லிவிட்டு
மொபெட்டை எடுத்துக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போனேன்.
கேட்டில் வார்டனம்மா, கையில் அவருக்கும் ஒரு நோட்டு.
அனிமாவைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகோணுமுங்க.
"எந்த அனிமாங்க? இங்க மூணு பேரு இருக்கறாங்க."

என் நோட்டு வண்டிப் பெட்டியில் கிடந்தது.
மூணு பேரையுமுங்க, என்றேன்.