பில்லில் வராத வரி

நீடாமங்கலத்தில் கேட் போட்டால்
ஊர் இரண்டாகிவிடும்.
என் கடை இந்தப் பாதியில்,
ஆஸ்பத்திரி அந்தப் பாதியில்.

மாசி மாதம், ராத்திரி ஒன்பதே முக்கால்.
சரக்கு ரயில் எஞ்சின் மாற்றிக்கொண்டிருந்தது.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக்
கல்லாவை எண்ணிக்கொண்டிருந்தேன்.
குனிந்து உள்ளே வந்தான்.
புருவத்தில் நெல் சுணை, ஆத்தூர்ப் பக்கத்துப் பேச்சு.
அறுவடை மெஷின் ஓட்டுகிறவன்.

தலைவலி மாத்திரை கேட்டான்.
பிறகு சோடா உப்பு.
பிறகு பிளாஸ்திரி. இரண்டு போதுமா என்று
அவனே கேட்டு, போதும் என்று அவனே சொன்னான்.
மூன்று பொருளுக்கு அப்புறம் வருவதுதான்
வந்த காரணம்.
பதினோரு வருஷம் கவுண்டரில் நின்றதில்
இவ்வளவாவது தெரியும்.

"நேத்து ராத்திரி, இந்த நேரந்தான்" என்றான்.
மீதியை ஃபேனைப் பார்த்துச் சொன்னான்.
"உறை கிழிஞ்சிருச்சுங்க.
அவருக்கு இருக்குதா இல்லையான்னு நான் கேக்கல."
'அவருக்கு' என்றதைக் கவனித்தேன்.
கவனிக்காதவள்போல் மேசையைத் துடைத்தேன்.

எழுபத்திரண்டு மணிக்குள் முதல் மாத்திரை.
முந்தினால் நல்லது.
அப்புறம் இருபத்தெட்டு நாள், ஒரு நாளும் விடாமல்.
ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ஏற்கெனவே போயிருந்தன.
இன்னும் கேட் திறக்கவில்லை.

மாத்திரை கையெட்டும் தூரத்தில் இருந்தது.
சுவரில் என் சான்றிதழ்;
அதற்கு மரச்சட்டம்,
எனக்கு மற்ற சட்டம்.
(அந்தப் படத்தை மட்டும் வாடகைக்குக் கேட்டவர்கள் உண்டு.
மாசம் ஆறாயிரம், நீங்க வரவே வேணாம்மா என்றார்கள்.
நானும் சேர்ந்துதான் வருவேன் என்றேன்.)

டாக்டர் சீட்டு வேண்டும்.
குணவதி டாக்டருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை.
வாட்ஸ்அப்பில் வரும் சீட்டு சீட்டா என்றால்
மூன்று பேரிடம் மூன்று பதில் கிடைக்கும்.
பதிவேட்டைத் திறந்தேன்.
பெயர் கேட்டேன்;
கொஞ்சம் யோசித்துச் சொன்னான்.
முகவரி?
வயலில் நிற்கும் மெஷினுக்கு அடியில் படுக்கிறவனுக்கு
நான்தான் யோசிக்க வேண்டியிருந்தது.

"எவ்வளவு ஆகுங்க?"
இங்கே இவ்வளவு, அங்கே இலவசம் என்றேன்.
"அங்க பேரு எழுதுவாங்களா?"
எழுதுவார்கள், வெளியே சொல்லக் கூடாது, அதற்கும் சட்டம் உண்டு.
சிரித்தான்.
சாய்ந்த நெல்லுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது,
அவன் மெஷினுக்கும் இருக்கிறது,
அதை நான் சொல்லவில்லை.

ரத்தப் பரிசோதனை இன்று, பிறகு மறுபடி,
வாந்தி வந்தாலும் நிறுத்தாதே,
இது தண்டனை இல்லை, மருந்து,
இனிமேல் வேண்டுமென்றால் முன்கூட்டியே போடுவதும் இருக்கிறது.
இருபது நிமிடம் பேசியிருப்பேன்.
பில் மெஷின் எல்லாவற்றுக்கும் ஒரு எண் கேட்கும்,
ஊசிக்கு, பஞ்சுக்கு, குழந்தைப் பவுடருக்கு.
பேச்சுக்கு எண் இல்லை.
இலவசம் என்று அடித்தால் முதலாளி சிரிப்பார்.
ஐம்பது ரூபாய் என்று அடித்தால்
சங்கக் கூட்டத்தில் என் பெயர் வரும்.

முதல் மாத்திரையை நான் கொடுத்தேனா
என்று இங்கே எழுதப் போவதில்லை.
இதுவும் ஒரு பதிவேடு,
இன்ஸ்பெக்டருக்குக் கவிதை படிக்கத் தெரியாது என்று
யார் சொன்னது?

எழுதக்கூடியது:
பத்து இருபதுக்குக் கேட் திறந்தது.
ஸ்கூட்டரில் நான் முன்னால்,
இரவல் பைக்கில் அவன் பின்னால்.
அவசரப் பிரிவின் வாசலில் நின்று
அவன் உள்ளே போகும்வரை
என் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

பில் முப்பத்துநான்கு ரூபாய்.
நாற்பது கொடுத்தவன் மீதி வாங்கவில்லை.
மறுநாள் முதலாளி கேட்டார்:
ஆறு ரூபாய் கூட இருக்கே, எதுக்கு?
பேச்சுக்கு என்றேன்.
என்ன பேச்சு என்று அவர் கேட்கவில்லை.

மெஷின்கள் பட்டுக்கோட்டைப் பக்கம் போய்விட்டன.
தினசரிக் காலண்டரில்
ஒரு தாளுக்கு ஒரு புள்ளி வைத்து வருகிறேன்.
யாருக்கு என்று எழுதவில்லை.
விடிந்தால் கிழித்துவிடுகிறேன்.
இன்று பத்தொன்பது.