பதினான்காம் பத்தி

பான் நகரத்து ஜூனில்
இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் போவதில்லை.
அதனால் யாருக்கும் வீட்டு நினைப்பு வருவதில்லை.

கண்ணாடிக் கூண்டுக்குள் நான்.
அடுத்தவர் வாயாக இருப்பது என் தொழில்.
மொந்தேவிதேயோவில் பிறந்தவள்;
காடென்று கண்டதெல்லாம்
கடற்கரைச் சாலையில் வரிசையாய் நட்ட பனைகள்.

பதினான்காம் பத்தியில் ஒரு சொல்லை
ஒன்பது நாளாகப் பிடித்துவைத்திருக்கிறார்கள்.
இந்தப் பக்கம் ஒரு சதுரக் கொக்கி,
அந்தப் பக்கம் ஒன்று,
நடுவில் 'உரிமைகள்'.
மாட்ட ஒரு நாடு முகம் சுளித்தால் போதும்,
கழற்ற எல்லா நாடும் தலையசைக்க வேண்டும்.
அதே வரைவில் 'கார்பன்'
முப்பத்தொரு முறை வருகிறது,
கொக்கியே இல்லாமல்
கைவீசி நடக்கிறது.

எர்லிந்தா அம்பாமுக்கு இரண்டு நிமிடம் கொடுத்தார்கள்.
கானுஸ் ஆற்றில் ஒன்றரை நாள் படகு,
பிறகு லாரி, பேருந்து, லிமா,
அப்புறம் விமானங்கள்.
வாம்பிஸ் பெண்.
தன் மொழியை வாசலில் விட்டு
ஸ்பானியத்தை அணிந்து வந்தாள்,
கூட்டத்துக்கு இரவல் வாங்கிய கோட்டைப் போல.

'அவள் சொல்கிறாள்' என்று நாங்கள் சொல்லக் கூடாது.
'நான்' என்றே சொல்ல வேண்டும். தொழில் விதி.
எனவே நான் சொன்னேன்:

என் ஆற்றில் எண்ணெய் மிதந்த வருடம்
என் மகன் மீன் கேட்டு அழுதான்.
மீன் இருந்தது.
கொடுக்கவில்லை.
என் காட்டின் மேல் யாரோ போட்ட கட்டத்துக்கு
ஒரு எண் இருக்கிறதாம்;
செய்தித்தாளில்தான் பார்த்தேன்.
என் மரங்கள் அடக்கிவைத்த புகையை
டன் டன்னாக எடை போட்டீர்கள் ஐயா,
மரத்தடியில் நின்ற எங்களை
எந்தத் தட்டில் வைத்தீர்கள்?

எங்களையா, நம்மையா?
அவள் பேசிய ஸ்பானியத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்.
நான் பேசிய ஆங்கிலத்திலும் அப்படியே.
தப்பித்தேன்.
முகம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்;
என் கண் நேரம் காட்டும் பலகையில்.
'தட்டில்' என்னும்போதே
தொண்டை அடைத்துக்கொண்டது எனக்கு.

விளக்கு சிவந்தது. மைக் அணைந்தது.
அவள் நிறுத்தவில்லை.
கண்ணாடிக்கு அப்பால் உதடுகள் அசைகின்றன,
என் காதில் வெறும் இரைச்சல்,
நூற்றுச் சொச்சம் பேர் காதுகளுக்கு
என் மௌனம் போய்ச் சேர்கிறது.
தலைவர் நன்றி சொன்னார்.
அதை ஒழுங்காக மொழிபெயர்த்தேன்.

அதிகாலை இரண்டே முக்காலுக்குக்
கொக்கிகள் கழன்றன. கைதட்டினார்கள்.
விடுதலையான சொல்லுக்குக்
காவலும் கூடவே அனுப்பியிருந்தார்கள்:
'பொருந்தும் இடங்களில்',
'இயன்ற அளவு',
'உள்நாட்டுச் சட்டங்களுக்கு உட்பட்டு'.
இதையும் என் குரலில்தான் சொன்னேன்.
எல்லைக்கல் நடுகிறவன்
இந்தப் பத்தியைப் படிக்கப் போவதில்லை.
ஆனால் அவனைத் தடுத்து நிறுத்துகிறவள்
படிப்பாள்.
அந்தச் சொல் அங்கே இருக்கிறதா என்று
விரல் வைத்துத் தேடுவாள்.

காப்பி இயந்திரத்தருகே அவளைப் பிடித்தேன்.
மைக் போன பிறகு என்ன சொன்னீர்கள்?
சாபமா, பாட்டா, செத்தவர் பெயர்களா என்று
இரவெல்லாம் நினைத்துக் கிடந்தேன்.

சிரித்தாள்.
'உன்னிடம்தான் பேசினேன்.
கூண்டுக்குள் திணறிக்கொண்டிருந்தாயே,
தண்ணீர் குடி பெண்ணே என்றேன்.'

அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டாள்.
நவம்பரில்.
கைப்பையிலிருந்து சிறு நோட்டை எடுத்தாள்.
படகுக்கு அறுபது லிட்டர் பெட்ரோல் வேண்டும்,
இப்போதிருந்தே சேர்க்க வேண்டும் என்று
எழுதிக்கொண்டாள்;
எழுதியதைத் தானே பார்த்து
உதட்டைப் பிதுக்கினாள்.

'வருவோம்' என்றாள்.

இந்த முறை
அவள் முகத்தைப் பார்த்தேன்.